பன்னிரண்டாம் வகுப்போடு நிற்கும் சைக்கிள்

ஆம்பூர்ப் பக்கம் ஒரு வேலை நாளில், காலை எட்டு மணிவாக்கில், சர்வீஸ் ரோட்டோரம் நின்றால் இரண்டு கூட்டங்களைப் பார்க்கலாம். ஒன்று சைக்கிள் கூட்டம். சீருடையும் இரட்டைச் சடையுமாக, இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, பேசிக்கொண்டே மிதித்துப் போகும் பெண் பிள்ளைகள். இன்னொன்று பஸ் கூட்டம். ஊர் ஊராக நின்று ஆள் ஏற்றி வரும் ஷூ கம்பெனி பஸ்களில், ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து அரைத் தூக்கத்தில் போகும் பெண்கள். இந்த இரண்டாவது கூட்டத்தில் பலர் நாலைந்து வருஷத்துக்கு முன்னால் முதல் கூட்டத்தில் இருந்தவர்கள். தங்கை மிதிக்கும் சைக்கிளே பல வீடுகளில், பஸ்ஸில் போகும் அக்காவுக்குப் பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்ததுதான்.

சைக்கிள் மேல் நமக்குள்ள பாசத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால், எனக்கு வேறெதையும்விட இதுதான் முன்னால் வந்து நிற்கிறது. வேலூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் இந்தத் தோல் பட்டையில் சைக்கிள் செத்துப்போகவில்லை. பள்ளிக்கூட வாசல்களில் நிறைந்துதான் கிடக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் அது ஏன் சுவரோரம் சாய்க்கப்படுகிறது என்பதுதான் என் கவலை.

அப்பாவின் வண்டி, என் வண்டி

எங்கள் வீட்டின் முதல் சைக்கிள் அப்பாவுடையது. 24 இஞ்ச் ஹெர்குலிஸ். அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கறுப்பு வண்டி, ராடு பிரேக், செயினை முழுசாக மூடிய கவர், பின் டயரில் உரசிக்கொண்டே எரியும் டைனமோ. அந்தக் காலத்தில் லைட் இல்லாமல் போனாலும் போலீஸ் பிடிக்கும், டபுள்ஸ் போனாலும் பிடிக்கும். சைக்கிளுக்கு வரி கட்டி, வருஷா வருஷம் தகர வில்லை வாங்கி மாட்ட வேண்டும். இத்தனை கெடுபிடியிலும் மனிதர்கள் அதைக் குடும்பத்தில் ஒருவராக வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணெய்த் துணியால் ரிம் துடைப்பார் அப்பா. ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம், ஹேண்டில்பாரில் பூச்சரம். எங்கள் தெரு சைக்கிள் கடை பாய் வருஷத்துக்கு ஒருமுறை வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, பால்ரஸ் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் வைத்து ஓவராயில் செய்து தருவார். அன்று வண்டி தானாகவே ஓடும்.

அப்பா யாரையும் தொட விடாத பாகம் ஒன்று உண்டென்றால் அது சீட்டு. பஞ்சோ ரெக்சினோ இல்லாத சீட்டு. இரும்புச் சட்டத்தின் மேல் முன்னும் பின்னும் ஆணி அடித்து இழுத்துக் கட்டிய கெட்டித் தோல். தோல் ஊர்க்காரர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே தெரியும். இப்படி இழுவையைத் தாங்கி நிற்க, மரப்பட்டையில் பதனிட்ட தோல்தான் சரிப்படும். நம் பக்கத்தில் ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறிப் பக்குவமான தோல் கப்பலேறியது. 1970-களில் அரைப் பதனீட்டுத் தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடுகள் வந்து, முழுசாக முடித்த தோலும் ஷூவும் அனுப்பும் காலம் பிறந்ததும், குரோம் டிரம்கள் சுழலத் தொடங்கின. குரோம் தோல் மெத்தென்றிருக்கும். ஷூவின் மேல்பாகத்துக்கு அது நல்லது. சைக்கிள் சீட்டாக இழுத்துக் கட்டினால் நாளடைவில் தொய்ந்துவிடும். பட்டைத் தோல் அப்படியில்லை. முதலில் கல்லாக இருக்கும். போகப் போக, உட்காருகிறவரின் இடுப்பெலும்பு படும் இரண்டு இடங்களில் மட்டும் பள்ளம் விழும். பிறகு அது அவருக்கு மட்டுமே பொருந்தும் சீட்டு. 1866-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் சேணம், கடிவாளம் என்று தோல் சாமான் செய்யத் தொடங்கிய ஜான் பௌல்ட்பி புரூக்ஸ், 1882-ல் சைக்கிள் சீட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பெயர் தாங்கிய தோல் சீட்டுகளுக்கு இன்றும் உலகம் முழுவதும் பித்துப் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். அப்பாவின் சீட்டில் நான் ஏறியபோதெல்லாம் ஏன் உறுத்தியது என்று எனக்குப் புரிந்தது அந்த புரூக்ஸ் சீட்டின் கதையைப் படித்த பிறகுதான். அது அவருடைய உடம்பின் அச்சு.

அந்த வண்டியில்தான் குரங்குப் பெடல் போட்டுப் பழகினேன். பிளஸ் ஒன் சேர்ந்தபோது எனக்கென்றே ஒரு பி.எஸ்.ஏ. லேடீஸ் சைக்கிள் வந்தது. வீட்டில் என் பெயர் சொல்லி வாங்கிய முதல் சொத்து அதுதான். நகை அம்மாவின் பீரோவில் இருக்கும், துணி தங்கைக்கும் போகும், சைக்கிளின் சாவி மட்டும் என் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும். பிளஸ் டூ முடிந்தது. கல்லூரிக்கு பஸ் என்று முடிவானது. வண்டி சித்தப்பா மகனுக்குப் போனது. யாரும் கோபித்து எடுத்துக்கொள்ளவில்லை, யாரும் என்னைக் கேட்கவும் இல்லை.

மறுபடி சைக்கிள் ஏறியது நாற்பதைத் தாண்டிய பிறகு. மகளுக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிள், அவள் கல்லூரி விடுதிக்குப் போனதும் மாடிப்படிக்கு அடியில் சும்மா நின்றது. டியூப் மாற்றி, பிரேக் கட்டை போட்டு, மெல்ல ரேஷன் கடை வரை ஓட்டினேன். அப்புறம் காய்கறி மார்க்கெட், அப்புறம் போஸ்ட் ஆபீஸ், அப்புறம் பேங்க். உடற்பயிற்சி என்று நினைத்து ஏறவில்லை. வேலைக்காக ஏறினேன், அதனால்தான் தொடர்ந்தது. விடியற்காலையில் தலைக்கவசமும் பளபளக்கும் சட்டையுமாக மலைப்பாதை ஏறும் சைக்கிள் குழுக்கள் வேலூரிலும் வந்திருக்கின்றன. அவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. நான் சொல்வது தினசரிச் சைக்கிள். சேலையோடு ஏறி, கேரியரில் அரிசிப் பை கட்டி, தெரிந்தவரைக் கண்டால் கால் ஊன்றி நின்று பேசி, மறுபடி மிதித்துப் போகிற சைக்கிள். நாற்பது வயதுப் பெண் ஒருத்தி யாரையும் கேட்காமல், யார் பின்னாலும் உட்காராமல், நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குப் போய்வருவதன் சுகம் சாதாரணமானதல்ல.

சைக்கிளுக்கென்றே அமைந்த நிலம்

இந்தப் பள்ளத்தாக்கைச் சைக்கிளுக்கென்றே வெட்டி வைத்ததுபோல் இருக்கிறது இயற்கை. பாலாறு, ரயில் பாதை, பெங்களூரு நெடுஞ்சாலை மூன்றும் ஒன்றையொன்று ஒட்டியே ஓடுகின்றன. ஆம்பூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 316 மீட்டர், வேலூர் சுமார் 216 மீட்டர். இடையே ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அதாவது கிலோமீட்டருக்கு இரண்டு மீட்டர் ஏற்றம். மிதிக்கிற காலுக்கு அது தெரியவே தெரியாது. மலைகள் இருபுறமும் தள்ளி நிற்க, அடிவாரம் வரை ஊர்கள். பள்ளிகளும் ஷூ கம்பெனிகளும் தோல் ஷாப்புகளும் பெரும்பாலும் நெடுஞ்சாலையை ஒட்டி. பல ஊர்களுக்கு வேலையிடம் நாலைந்து கிலோமீட்டர்தான். நிதானமாக மிதித்தால் 25 நிமிடம்.

நம் பெண் பிள்ளைகள் அந்த நாலைந்து கிலோமீட்டரைத்தான் இரண்டு வருஷம் தினமும் கடக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், 2005-06-ல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவ மாணவியர் எல்லோருக்கும் விரிந்தது. பீகார் 2006-ல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு இப்படி ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதைக் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள். உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவிகிதம் கூடியிருந்தார்கள். ஆண், பெண் இடைவெளி 40 சதவிகிதம் குறைந்திருந்தது. பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். ஒரு சைக்கிள் என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டாம்.

பள்ளிக்கு அனுப்பிய சைக்கிள் வேலைக்கு அனுப்பாதா? அனுப்பும். அதற்கும் நம் மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தே கற்றுக்கொடுத்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பின்பலமாக நின்றார். கல் குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் தாவணியும் சேலையுமாகச் சைக்கிள் ஏறினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1996-ல் வெளிவந்த தம் புத்தகத்தில் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளை வாங்கிய பெண்களில் சிலர், முன் பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாமே என்று அதையே விரும்பியிருக்கிறார்கள். கவனிக்க வேண்டியது அவர்களுடைய வயது. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். நம் ஊரில் சைக்கிள் நிற்கும் வயதுக்குப் பிறகுதான் அவர்களுக்குச் சைக்கிள் தொடங்கியது.

யாழ்ப்பாணத்தில் 1990-களில் எரிபொருளுக்குத் தடை இருந்த நாட்களை அங்குள்ளவர்கள் இன்னும் மறக்கவில்லை. ஆசிரியைகள், தாதியர், அம்மாக்கள், அம்மம்மாக்கள் எல்லோருமே சைக்கிளில்தான் போனார்கள். சேலை கட்டிய பெண் சைக்கிளில் போவதை அங்கே யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. போரும் தட்டுப்பாடும் யாருக்கும் வர வேண்டாம். ஆனால், வயது வந்த பெண் சைக்கிள் ஓட்டுவது நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்று சொல்கிறவர்களுக்கு அந்த வீதிகளே பதில்.

சம்பளம் வந்தது, நடமாட்டம் போனது

இனி என் கவலைக்கு வருகிறேன்.

ஷூ கம்பெனிகளில் தையல் மெஷின் முன் உட்கார்ந்திருப்பவர்களில் பெண்களே மிகுதி. ஐரோப்பாவின் கடைகளுக்குப் போகும் காலணிகளின் மேல்பாகத்தை ஒட்டி, மடித்து, தைத்து அனுப்புவது இந்தக் கைகள். அந்தச் சம்பளத்தில் தம்பி படிக்கிறான், வீட்டுக்கு ஓடு போய்த் தளம் வந்திருக்கிறது, சீட்டுப் பணம் கட்டப்படுகிறது. இதெல்லாம் பெருமைப்பட வேண்டியவை. ஆனால் பதினேழு வயதில் தானே ஓட்டிக்கொண்டு போன பெண், இருபது வயதில் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வரப்படுகிறவளாக மாறிவிடுகிறாள்.

கம்பெனி பஸ் பாதுகாப்பானது என்பார்கள். உண்மைதான். தெருமுனைக்கே வருகிறது, இருட்டினாலும் கொண்டுவந்து விடுகிறது, தூரத்து ஊர்க்காரர்களுக்கு வேறு வழியில்லை. 2021 மே மாதத்திலிருந்து நகரப் பேருந்துகளிலும் பெண்களுக்குக் கட்டணமில்லை. இவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் பஸ் அதன் பாதையில்தான் போகும், அதன் நேரத்துக்குத்தான் போகும். கம்பெனி பஸ் வீட்டில் ஏற்றி கேட்டில் இறக்கும், கேட்டில் ஏற்றி வீட்டில் இறக்கும். வழியில் பேங்க்கில் இறங்க முடியாது, கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போக முடியாது, தோழி வீட்டில் பத்து நிமிடம் உட்கார முடியாது, பக்கத்துக் கம்பெனியில் என்ன சம்பளம் தருகிறார்கள் என்று நேரில் போய்க் கேட்டுவர முடியாது. பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைய நாளே போயிற்று. தன் சம்பளத்தைத் தானே எடுத்து, தானே செலவு செய்து, வேண்டாத வேலையை விட்டு வேறு வேலை தேடிக்கொள்வதற்கெல்லாம் முதலில் தேவை, சொந்தமாக ஒரு நடமாட்டம். அது பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது.

ஏன் நிற்கிறது? வீட்டைக் கேட்டால் வயசுப் பெண் என்பார்கள். இரண்டு மாதத்துக்கு முன் இதே பெண் இதே ரோட்டில் போனபோது எழாத கேள்வி இது. சீருடை இருந்தவரை ஊர் அவளைப் பள்ளிக்கூடப் பிள்ளை என்று பார்த்தது. சீருடை கழன்றதும் சைக்கிளில் போகிறவள் எங்கே போகிறாள், யாரைப் பார்க்கப் போகிறாள் என்று விசாரிக்கிறது.

கௌரவமும் சேர்ந்துகொள்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி 2001-ல் இந்தியாவில் 11.7 சதவிகித வீடுகளில் மோட்டார் சைக்கிளோ ஸ்கூட்டரோ இருந்தது. 2011-ல் அது 21 சதவிகிதம். சைக்கிள் 43.7-லிருந்து 44.8-க்கு நகர்ந்ததோடு சரி. வண்டி என்றால் பெட்ரோல் வண்டி என்றாகிவிட்டது. அந்தப் பெட்ரோல் வண்டியும் வீட்டில் அண்ணனிடமோ அப்பாவிடமோதான் இருக்கிறது. ஸ்கூட்டர் வாங்கினால் பெண்ணும் ஓட்டுவாளே என்பது நல்ல வாதம்தான். தவணை கட்டி முடித்து, பெட்ரோலுக்கும் ஒதுக்கி, அதை அவள் கையில் கொடுக்கிற வீடுகள் வரட்டும். அதுவரை, ஏற்கெனவே வீட்டில் நிற்கிற, செலவே இல்லாத வண்டியை ஏன் முடக்க வேண்டும்?

வெயிலைச் சொல்பவர்களும் உண்டு. வேலூர் வெயில் யாருக்கும் தெரியாததல்ல. ஆனால் கம்பெனிக்குப் போவது காலையில், திரும்புவது மாலையில். மாணவிகள் போவதும் வருவதும் அதே வெயிலில்தான்.

எல்லாவற்றையும்விட வலுவான காரணம் ரோடு. நம் பக்கத்து ஊர்கள் நெடுஞ்சாலைக்கு இருபுறமும் இருப்பதால், எங்கே போனாலும் அதைக் கடக்காமல் முடியாது. கடக்கும் இடம் தள்ளி இருந்தால், சுற்றிப் போகச் சோம்பிச் சைக்கிள்கள் ராங் சைடில் வருகின்றன. சர்வீஸ் ரோட்டில் லாரி நிற்கும், சரக்கு இறங்கும், ஆட்டோ எதிரே வரும். சுரங்கப்பாதையில் மழை பெய்தால் தண்ணீர், ஆறு மணிக்கு மேல் இருட்டு. கம்பெனி விடும் நேரம் அந்த இருட்டு நேரம்தான். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இந்த எண்ணைப் படித்த எந்த அம்மாவும் மகளைச் சைக்கிளில் அனுப்பத் தயங்கத்தான் செய்வாள். அவள் பயத்தைக் குறை சொல்ல என்னால் முடியாது. அந்தப் பயத்துக்கு இடம் கொடுக்கிற ரோட்டைத்தான் சொல்ல வேண்டும்.

ரோடு மாறும். இன்று சைக்கிள் நாடு என்று நாம் வியக்கும் நெதர்லாந்தில் 1971-ல் 3,000-க்கும் மேற்பட்டவர்கள் சாலை விபத்துகளில் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் மேல் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்பதே இயக்கத்தின் பெயராக இருந்தது. அதற்குப் பிறகுதான் அங்கே சைக்கிளுக்கென்று தனிப் பாதைகள் பெருகின. அவர்களுக்குச் சைக்கிள் ரத்தத்தில் ஊறியது என்று நாம் நினைப்பது தவறு. கேட்டு வாங்கினார்கள்.

நாம் கேட்க வேண்டியவை

நாமும் கேட்கலாம். பெரிய செலவு பிடிக்கும் காரியங்களும் அல்ல.

கம்பெனி வளாகங்களில் மோட்டார் சைக்கிளுக்கு இருப்பதுபோல் கூரை போட்ட சைக்கிள் ஸ்டாண்டு வேண்டும். பக்கத்திலேயே காற்றடிக்கப் பம்ப், பஞ்சர் பார்க்க ஓர் ஆள். பஸ்ஸில் வராமல் சைக்கிளில் வருகிறவருக்கு மாதம் ஒரு சிறு தொகை கொடுத்தால், பஸ் ஓட்டும் செலவில் அது மிச்சப்படும். ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர்களிலிருந்து தொடங்கினால் போதும். காலணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் நம் தொழிற்சாலைகளில் எதையெல்லாமோ ஆய்வு செய்கின்றன. பெண்கள் எப்படி வந்துபோகிறார்கள் என்பதையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம்.

சர்வீஸ் ரோட்டில் லாரி நிறுத்த முடியாதபடி கட்டை வைத்துப் பிரித்த இரண்டு மீட்டர் பாதை வேண்டும். சுரங்கப்பாதைகளில் விளக்கும் வடிகாலும் வேண்டும். தூரம் சுற்றாமல் கடக்க, ஊருக்கு ஊர் ஒரு வழி வேண்டும். இதை மாணவிகளின் பெற்றோரும் தொழிலாளிகளும் சேர்ந்து கேட்க வேண்டும். இருவரும் ஒரே வீட்டில்தானே இருக்கிறார்கள்.

பள்ளியில் சைக்கிள் கொடுக்கும் நாளிலேயே பஞ்சர் ஒட்டவும், செயின் மாட்டவும், பிரேக் இறுக்கவும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். சைக்கிள் கடைகள் குறைந்துவரும் ஊர்களில், சின்னப் பழுதுக்கே வண்டி மாதக்கணக்கில் முடங்கிப்போகிறது. உப்புத்தாள், சொல்யூஷன், ஒரு ஸ்பானர் இருந்தால் அந்த வண்டி பத்து வருஷம் ஓடும்.

வீடுகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிளஸ் டூ முடிந்ததும் மகளின் சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள், அவளைக் கேட்காமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். அது அவள் பெயருக்கு வந்த வண்டி. அவள் வேலைக்குப் போகும்போது அதில் போக நினைத்தால் தடுக்காதீர்கள். இருட்டுக்குப் பயந்தால் விளக்கு வாங்கிக் கொடுங்கள், ரோட்டுக்குப் பயந்தால் ரோட்டைக் கேளுங்கள். அவளைப் பதினாறு வயதில் நம்பி வண்டியைக் கொடுத்தது அரசு. இருபது வயதில், சொந்தமாகச் சம்பாதித்துக்கொண்டிருக்கும் அதே பெண்ணை வீடும் ஊரும் கம்பெனியும் நம்புவதற்கு இன்னும் என்ன நிரூபிக்க வேண்டும்?